அப்பத்தாவுக்கு எடுத்த ரெண்டு ஃப்ரீசர் பெட்டி: ஒரு ரிவ்யூ

அப்பத்தா தவறுனப்ப உடம்பக் கெடாம வைக்க வாடகைக்கு எடுத்த பெட்டிங்க இது, ரேட்டிங்க முதல்லயே சொல்லிடுறேன். முதல் பெட்டிக்கு முட்டை. ரெண்டாவது பெட்டிக்கு அஞ்சுக்கு நாலரை. அந்த அரை ஏன் கொறைச்சேன்னு பின்னாடி சொல்றேன். ரெண்டு கடை பேரையும் போடல, முதல் ஆள வம்புக்கு இழுக்க தெம்பு இல்ல, ரெண்டாவது ஆளு பேர போட்டா விளம்பரம்னு சொல்லுவீங்க. பேரு முக்கியமும் இல்ல, பெட்டி எடுக்கும்போது என்ன பாக்கணும்னு தெரிஞ்சா போதும்.

அப்பத்தாவுக்கு 84 வயசு. திருமங்கலத்துக்கு பக்கத்துல எங்க ஊரு. சுகர் பல வருஷமா உண்டு, கால்ல ஒரு புண்ணு ஆறாம இருந்து அது உள்ள போயி ரத்தத்துல கிருமி ஏறிருச்சு, ஆஸ்பத்திரியில 9 நாள் வச்சிருந்துட்டு வீட்டுக்கு கூட்டிட்டு போங்கன்னுட்டாங்க. மே மாசம், வியாழக்கிழமை ராத்திரி 11:40க்கு மூச்சு நின்னுச்சு. சித்தப்பா ரியாத்ல இருக்காரு, கடைசிப் புள்ள, அவரு முகம் பாக்காம எடுக்கக்கூடாதுன்னு அப்பத்தாவே உசுரோட இருக்கும்போது சொல்லி வச்சிருந்துச்சு. ஆனா அங்க வெள்ளி சனி லீவு, ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வர்றதுக்கான எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா கைக்கு வந்தாத்தான் ஏர்போர்ட்டுக்கே போக முடியும், அதெல்லாம் முடிஞ்சு கொழும்பு வழியா மதுரைக்கு சனிக்கிழமை மத்தியானம்தான் வர முடியும்னு ராத்திரி 12 மணிக்கே தெரிஞ்சு போச்சு. அதாவது 38 மணி நேரம் வைக்கணும்.

பெரியப்பா உடனே ஒரு நம்பருக்கு அடிச்சாரு. யாரு நம்பர், எப்படிப்பட்ட ஆளுன்னு யாருக்கும் தெரியாது, போன வருஷம் யாரோ எழவு வீட்டு பந்தல்ல ஒட்டியிருந்த ஸ்டிக்கர்ல இருந்து போட்டோ எடுத்து வச்சிருந்தாராம். 24 மணி நேரத்துக்கு 2,500 ரூபான்னாங்க. சரின்னுட்டோம். அழுதுட்டு இருக்குற வீட்ல யாரு போயி அது எத்தனை டிகிரி, எந்த வருஷத்து பெட்டின்னு விசாரிப்பா. அதுதான் நாங்க செஞ்ச தப்பு.

பெட்டி வந்தது ராத்திரி 2:30க்கு. அதுக்குள்ள பெரியம்மா பழைய வேட்டியக் கிழிச்சு வாய்க்கட்டு, கைக்கட்டு, கால்கட்டு எல்லாம் கட்டி முடிச்சிருந்துச்சு. இது என்னமோ சாங்கியம்னு நெனச்சிருந்தேன், அண்ணன் பொண்டாட்டி, மதினி, மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்காங்க, அவங்கதான் சொன்னாங்க, "இப்ப கட்டலன்னா அப்புறம் கட்டவே முடியாது தம்பி"ன்னு. செத்ததும் உடம்பு மொதல்ல தொளதொளன்னு ஆயிடும், வாய் தானா தொறந்துக்கும், அப்புறம் ரெண்டு மூணு மணி நேரத்துல கண் இமை, தாடைன்னு மேல இருந்து வெறைக்க ஆரம்பிக்கும். தசை சுருங்குறதுக்கு மட்டும் இல்ல, தளர்றதுக்கும் சக்தி வேணுமாம், மூச்சு நின்னப்புறம் அந்த சக்தி வர்ற வழி அடைஞ்சு போறதால பிடிச்ச பிடியிலயே பூட்டிக்கும். 12 மணி நேரத்துல வெறைப்பு ஏறி, 12 மணி நேரம் நின்னு, அடுத்த 12 மணி நேரத்துல எறங்கும்னு நம்ம ஊர் சூட்டுக்கு டாக்டருக்கு படிக்கிறவங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. எங்க பெரியம்மா அஞ்சாங்கிளாஸ். அதுக்கு எந்தக் கணக்கும் தெரியாது, ஆனா மூச்சு நின்ன அரை மணி நேரத்துல துணியக் கிழிச்சிருச்சு.

முதல் பெட்டிய கொண்டாந்த பையனுக்கு 20 வயசுகூட இருக்காது. எறக்கி வச்சான், ப்ளக்க சொருகுனான், "பத்து நிமிஷத்துல கூலாயிரும்ணே"ன்னான், அட்வான்ஸ் வாங்குனான், கெளம்பிட்டான். மூடிய தொட்டுப் பாத்தேன், வேன்ல வந்த சூடு அப்படியே இருந்துச்சு. டிஸ்ப்ளேல 24 காட்டுச்சு. ஒரு மணி நேரத்துல 6, அப்புறம் 2, அப்புறம் மைனஸ் 1ன்னு எறங்குச்சு, அதப் பாத்துட்டு எங்களுக்கு நிம்மதி. அந்த நம்பர் எதோட நம்பர்னு அப்ப எங்களுக்குத் தெரியாது. காத்தக் குளிர வைக்கிற காயிலுக்குப் பக்கத்துல ஒரு சின்ன சென்சார் ஒட்டியிருப்பாங்க, அது அந்த எடத்து குளிர மட்டும்தான் சொல்லும். பெட்டிக்குள்ள படுத்திருக்கிற மனுஷ உடம்பு என்ன சூட்ல இருக்குன்னு அதுக்குத் தெரியாது.

காலைல 7 மணி இருக்கும், அத்தை பெட்டி மேல சாஞ்சு அழுதுட்டு இருந்தது திடீர்னு நிமிந்து "என்னடா இது சில்லுன்னே இல்ல"ன்னுச்சு. கிட்டப் போய்ப் பாத்தேன். கண்ணாடி மூடிக்கு உள்பக்கம் முத்து முத்தா தண்ணி. அந்தத் தண்ணிக்கு நடுவுல ஒரு ஈ நடந்துட்டு இருக்கு. உள்ளார. அப்பத்தா மூக்குல வச்ச பஞ்சுக்கு நேரா மேல. அந்த ஈ எவ்வளவு நேரமா உள்ள இருக்கு, எப்படிப் போச்சுன்னே புரியல, அப்புறம் பாத்தா மூடியச் சுத்தி இருக்கிற ரப்பர் பீடிங் கால்மாட்டுல ஒரு சாண் நீளத்துக்குப் பிஞ்சு தொங்குது. அந்த வழியா குளிர் வெளிய போகுது, ஈ உள்ள போகுது. கம்ப்ரசர் மட்டும் டிராக்டர் மாதிரி சத்தம் போட்டுட்டு இருக்கு.

ஈய வெளிய வெரட்டுறதுக்கு மதினி ஏன் அவ்வளவு பதறுனாங்கன்னு பின்னாடி கேட்டேன். ஈ சும்மா வந்து உக்காந்துட்டுப் போறது இல்ல. கண்ணோரம், மூக்கு, வாய், புண்ணு இருக்கிற எடம், இங்கெல்லாம் முட்டை போடும், வெயில் காலத்துல ஒரே நாள்ல அது பொரிஞ்சு புழு ஆயிரும். அப்பத்தாவுக்கு கால்ல கட்டுப் போட்ட புண்ணு வேற. போலீஸ் கேஸ்ல செத்து எத்தனை நாள் ஆச்சுன்னு சொல்றதுக்கு இந்தப் புழுவோட வயசத்தான் கணக்குப் போடுவாங்க, அந்த அளவுக்கு ஈ கரெக்டா வந்துரும்னாங்க. ஈ போனப்புறம் மதினி மூக்கு, கண்ணு, கால் கட்டுன்னு ஒவ்வொண்ணாப் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொன்னப்புறம்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

பெட்டிக்காரனுக்கு போன் அடிச்சா எடுக்கல. ஒம்பது தடவை. பத்தாவது தடவை எடுத்தது வேற யாரோ, "காலைல ஆள் வருவாரு சார்"னு சொன்னாரு, "இப்ப காலைலதான்யா"ன்னு பெரியப்பா கத்துனாரு, வச்சுட்டாங்க. அந்த நேரம் வீட்ல ஒரு வாடை. நாத்தம்னு சொல்ல முடியாது, பூ வாடுற வாடையும் பழைய சோத்து வாடையும் கலந்த மாதிரி, எல்லாருக்கும் தெரியுது, யாரும் சொல்லல. யாரோ ஊதுபத்திய கூடக் கொஞ்சம் கொளுத்துனாங்க.

டீக்கடை அண்ணே ஒரு நம்பர் குடுத்தாரு, எங்க மாமனாருக்கு இவருதான் வந்தாரு, நல்ல மனுஷன்னாரு. அவருக்கு அடிச்சேன். இங்கதான் வித்தியாசம். எடுத்ததும் ரேட்டே பேசல. எப்ப தவறுனாங்க, என்ன நோய், எடை எவ்வளவு இருக்கும், இப்ப எதுல இருக்காங்க, வீட்ல வோல்டேஜ் எப்படி, எத்தனை மணிக்கு எடுக்கிறீங்கன்னு வரிசையா கேட்டாரு. கால்ல புண்ணு, ரத்தத்துல கிருமின்னு நான் சொன்னதும் "அப்ப நிக்க முடியாது தம்பி, நான் இப்பவே கெளம்புறேன், ஃபேன போட்டு வைங்க, மேல கெடக்குற போர்வை மாலை எல்லாத்தையும் எடுத்துருங்க"ன்னாரு. 9:45க்கு வந்துட்டாரு. பெட்டி கொடவுன்லயே ராத்திரி பூரா ஓடிட்டு இருந்த பெட்டி, மூடியத் தொறந்தா பொக பொகயா குளிர் எறங்குது.

பெட்டி மாத்தும்போது நடந்தத சொல்லணும். அப்பத்தாவ தூக்கிப் பொரட்டுனப்ப ரவிக்கை வெலகி முதுகு தெரிஞ்சுச்சு, முதுகு பூரா ஊதாக் கலர்ல கன்னிப் போயிருந்துச்சு, அத்தை "எங்கம்மாவ யாரு அடிச்சா, ஆஸ்பத்திரியில கீழ போட்டாய்ங்களா"ன்னு கத்திருச்சு. கூட்டத்துல ரெண்டு பேரு ஆஸ்பத்திரிக்காரன விடக்கூடாதுன்னு கெளம்பிட்டாங்க. மதினிதான் அடக்குனாங்க. இதயம் நின்னதும் ரத்தம் ஓடாது, தண்ணி மாதிரி பள்ளத்துக்கு எறங்கும், மல்லாக்கப் படுத்தா முதுகுல தேங்கும். ஆனா ஒடம்போட வெயிட்டு அழுத்துற எடத்துல ரத்தம் எறங்க முடியாது, அந்த எடம் மட்டும் வெள்ளையா நிக்கும். நல்லா பாருங்கன்னு காட்டுனாங்க. அடியில விரிச்சிருந்த கோரைப்பாயோட வரி வரி அப்படியே வெள்ளையா முதுகுல பதிஞ்சிருந்துச்சு, நெசவு கூட எண்ணலாம் போல. அடிபட்ட காயம்னா அதுல பாய் வரி எப்படி வரும்? அத்தை அந்த வரியத் தடவிப் பாத்துட்டு அப்படியே உக்காந்துருச்சு.

பாயப் பாத்ததும் பெட்டிக்காரர் தலையில அடிச்சுக்கிட்டாரு. முதல் பெட்டிக்காரப் பையன் நாங்க பாய் விரிக்கிறத பாத்துட்டுத்தான் நின்னான், ஒண்ணும் சொல்லல. இவரு பெட்டியில தட்டுக்கு அடியிலயும் காயில் ஓடுது, குளிர் கீழ இருந்துதான் நேரா உடம்புக்குள்ள ஏறணும், நடுவுல பாயப் போட்டா கம்பளி போத்துன கணக்குதான்னாரு. ஒரே ஒரு மெல்லிசு துணி, அவ்வளவுதான் விட்டாரு.

சேலை மாத்தும்போது மதினி வயித்த பாத்துட்டு என்னைய தனியாக் கூப்ட்டாங்க. வலது பக்கம் அடிவயித்துல, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு, லேசா பச்ச. வெளிறுன பச்ச, பாசி ஆரம்பிக்குற மாதிரி. "ஆரம்பிச்சிருச்சு, யார்ட்டயும் சொல்லாத"ன்னாங்க. பத்து மணி நேரம்தான் ஆயிருக்கு. வெயில் காலத்துல சாதாரணமா 12ல இருந்து 18 மணி நேரத்துல இது தெரியுமாம், கிருமி ஏறி செத்தவங்களுக்கு இன்னும் முன்னாடியே வந்துரும். எங்களுக்கு ஏழு மணி நேரம் ஓட்டப் பெட்டியில வேற போச்சு.

அன்னைக்கு ராத்திரி பெட்டிக்குக் காவல் நான்தான். தூக்கம் வரல, போன்ல இதப் பத்தியே படிச்சேன், நடுவுல மதினி ஷிப்ட் மாதிரி வந்து உக்காந்து நான் கேக்குறதுக்கெல்லாம் பதில் சொன்னாங்க. ஏன் வலது பக்கம்? பெருங்குடல் ஆரம்பிக்கிற எடம் அங்கதான் தோலுக்கு ஒட்டுனாப்ல இருக்கு, தண்ணியா இருக்கிற கழிவும் பாக்டீரியாவும் அங்கதான் ஜாஸ்தி. நாம உசுரோட இருக்கிறவரை அதுங்க நமக்கு வேலைக்காரங்க. காவல் போனதும் வீட்டையே திங்க ஆரம்பிச்சிரும். அதுங்க விடுற ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகுன முட்டை நாத்தம் அடிக்குமே அதேதான், ரத்தத்துல இருக்கிற சிவப்போட சேந்து பச்சையாயிடும். அந்தப் பச்ச வயிறு பூரா பரவி, ஒண்ணரை ரெண்டு நாள்ல ரத்தக் கொழாய் ஓடுற தடத்துல எல்லாம் மரத்தோட வேர் மாதிரி கோடு கோடா தோலுக்கு மேல தெரியும். அப்புறம் கேஸ் சேந்து வயிறு, முகம் எல்லாம் உப்பும், தோல் கொப்புளிச்சு உரியும். ஆறு கெணத்துல விழுந்தவங்க முங்கிட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு மெதக்குறது இந்த கேஸாலதான். இது இல்லாம பாக்டீரியா ஒண்ணுமே இல்லன்னாலும் உடம்பு தன்னையே செரிச்சுக்கும், செல்லுக்குள்ள இருக்கிற என்சைம் எல்லாம் அணை ஒடைஞ்ச மாதிரி வெளிய வந்துரும், சோத்த செரிக்கிற கணையம் முதல்ல தன்னையே செரிச்சிரும். கர்ப்பப்பை மட்டும் கடைசி வரைக்கும் கெடாம நிக்குமாம். ஆறு புள்ள பெத்த அப்பத்தாவ பாத்துக்கிட்டு இத படிச்சப்ப என்னமோ மாதிரி ஆயிருச்சு.

பெட்டியோட வேலை என்னங்கறது இங்கதான் புரிஞ்சுச்சு. அழுகலுக்கு ரொம்பப் பிடிச்ச சூடு 21ல இருந்து 38 டிகிரி. நம்ம ஊரு மே மாசம் ராத்திரியும் பகலும் சேத்து அப்படியே அந்தக் கணக்குதான். அதுல இருந்து 4 டிகிரி பக்கம் எறக்குனா பாக்டீரியா படுத்துக்கும், சாகாது, படுத்துக்கும். பூஜ்யத்துக்கு கீழ போனாத்தான் வேலைய நிறுத்தும். ஆனா 37 டிகிரில இருக்கிற 50 கிலோ உடம்பு, அதுல பாதிக்கு மேல தண்ணி, அது நடு வயிறு வரைக்கும் குளிரணும்னா பல மணி நேரம் ஆகும். தோல் ஐஸா இருக்கும், உள்ள அடுப்பு அணைஞ்சிருக்காது. அதனால முதல் நாலஞ்சு மணி நேரத்துல பிடிச்சாத்தான் பிடிச்சது, அப்புறம் எவ்வளவு நல்ல பெட்டி கொண்டாந்தாலும் ஆனத திருப்ப முடியாது. அந்த நாலஞ்சு மணி நேரத்தத்தான் முதல் பெட்டிக்காரன் தின்னுட்டான்.

படிக்கும்போது அமெரிக்காவுல ஒருத்தர் கதை வந்துச்சு, வில்லியம் பாஸ்னு ஒரு புரொபசர், டென்னசியில எலும்ப வச்சு ஆளு, வயசு, செத்த காலம் சொல்றதுல பெரிய ஆளு. 1977ல ஒரு பழைய கல்லறைய தோண்டுன எடத்துல ஒரு ஒடம்பு, சதை இன்னும் செவப்பா இருக்கு, இவரு பாத்துட்டு செத்து ஒரு வருஷம் இருக்கும்னுட்டாரு. கடைசில பாத்தா அது 1864ல உள்நாட்டுப் போர்ல செத்த கர்னல் ஷை. மருந்து ஏத்தி இரும்புப் பெட்டியில காத்துப் போகாம அடைச்சதால நூறு வருஷத்துக்கு மேல அப்படி நின்னுருக்கு. நூத்துப் பதிமூணு வருஷம் தப்பாச் சொல்லிட்டோமேன்னு அந்த மனுஷன் என்ன பண்ணாருன்னா, உடம்பு எப்படி அழுகுதுன்னு ஒழுங்கா கணக்கு வைக்கணும்னு 1981ல நாக்ஸ்வில்ல இருக்கிற டென்னசி யூனிவர்சிட்டியில ஒரு நெலத்த வேலி போட்டு, தானம் குடுத்த உடம்புகள வெயில்லயும் மரத்தடியிலயும் போட்டு நாள் நாளா எழுதி வச்சாரு. இப்ப உலகத்துல இதுக்குன்னு இருக்கிற எடத்துக்கெல்லாம் அதுதான் முன்னோடி. ராத்திரி 3 மணிக்கு ஃப்ரீசர் பக்கத்துல உக்காந்து இத படிச்சு மதினிட்ட சொன்னேன், அவங்க "எல்லாம் ரப்பர் பீடிங்லதான் இருக்கு"ன்னாங்க. ரெண்டு பேரும் சிரிச்சுட்டோம். அப்புறம் சுத்திமுத்தி பாத்துக்கிட்டோம்.

பெரியப்பா முழிச்சு வந்து தாத்தா கதைய ஆரம்பிச்சாரு. 1994ல தாத்தா செத்தப்ப பெட்டியெல்லாம் கெடையாது, ஐஸ் கம்பெனியில இருந்து மாட்டு வண்டியில உமி போட்டு மூடி ஐஸ் பார் கொண்டாந்து, பெஞ்சுக்கு அடியிலயும் ரெண்டு பக்கமும் அடுக்கி, உப்பப் போட்டு சாக்கால மூடி வச்சாங்களாம். ராத்திரி பூரா உருகி வீடு பூரா தண்ணி, பொம்பளைங்க மொறம் மொறமா உமியக் கொட்டிட்டே இருந்தாங்களாம். அப்பவும் மறுநாள் மத்தியானத்துக்கு மேல வைக்க முடியல, பம்பாயில இருந்த பெரிய மாமா சாம்பலத்தான் பாத்தாரு. அந்த மாமா கடைசி வரைக்கும் பெரியப்பாகூட பேசல, ரெண்டு மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதாடான்னு. எப்படிடா பொறுக்கன்னு பெரியப்பா என்கிட்ட இப்பக் கேக்குறாரு. அதான் இந்தத் தடவை அவரு அவ்வளவு கத்துனது.

வெள்ளிக்கிழமை பகல்லயே எடுத்துரலாம்னு ஊர்ப் பெரியவங்க சில பேரு சொல்லத்தான் செஞ்சாங்க. சனிப் பொணம் தனியாப் போகாதுன்னு. அதுக்குப் பரிகாரம் ஒரு கோழிக்குஞ்சு பாடையில கட்டிரலாம்னு முடிவாச்சு.

சர்வீஸ் பத்தி. ரெண்டாவது ஆளு பெட்டிய வச்சுட்டுப் போகல, ஒரு மணி நேரம் நின்னு பாத்தாரு. பந்தல் லைட்டு, மைக் செட்டு ஓடுற வயர்ல சொருகியிருந்த ப்ளக்க புடுங்கி வீட்டுக்குள்ள மோட்டார் லைன்ல இருந்து தனியா ஒயர் இழுத்துக் குடுத்தாரு, அவரே ஸ்டெபிலைசரும் கொண்டாந்தாரு. வீட்டு இன்வெர்ட்டர்ல இது ஓடாது, கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகுற அந்த ஒரு நொடி இழுக்கிற இழுப்புல கட்டாயிரும், ஜெனரேட்டர் ஒண்ணு சொல்லி வச்சிருங்கன்னாரு. நாங்க எதுக்குன்னு நெனச்சோம். சாயங்காலம் ஆறரைக்கு கோடை மழை அடிச்சுச்சு, கரண்டு போயி ரெண்டேகால் மணி நேரம் வரல. ஜெனரேட்டர் இருந்ததால தப்பிச்சோம். ராத்திரி 9 மணிக்கு போன் பண்ணாம கொள்ளாம டூவீலர்ல வந்து கையால தட்டத் தொட்டுப் பாத்துட்டு, தண்ணி போற டியூபுக்கு அடியில நாங்க வச்சிருந்த சொம்பப் பாத்துச் சிரிச்சிட்டு பக்கெட் வைக்கச் சொன்னாரு. அந்த டியூப் வழியா வர்றது பெரும்பாலும் காத்துல இருக்கிற ஈரம் உறைஞ்சு உருகுறதுதான், ஆனாலும் கைல படாம கக்கூஸ்ல ஊத்தி ப்ளீச்சிங் பவுடர் போடுங்கன்னாரு.

அவரு போட்ட ஒரே கண்டிஷன், மூடியத் தொறக்காதீங்க. ஒரு தடவை தொறந்தா போன குளிர் திரும்ப வர அரை மணி நேரம். வர்ற ஒவ்வொருத்தரும் தொறந்து காட்டுன்னுதான் கேப்பாங்க, மாலைய உள்ள போடணும்னு நிப்பாங்க. மாலை எல்லாம் மூடி மேலதான். பூவுக்குள்ள ஈரமும் சூடும் இருக்குன்னு அவரு சொன்னப்புறம்தான் யோசிச்சேன், சரிதான். எங்க வீட்ல இந்தக் கண்டிஷன காப்பாத்துனது நான் இல்ல, அப்பத்தாகூட ரேஷன் கடைக்குப் போற பக்கத்து வீட்டுப் பாட்டி. பெட்டிகிட்ட சேரப் போட்டு உக்காந்துக்கிட்டு, கைய வச்ச ஆளையெல்லாம் "ஏய், அவளுக்கு வேர்க்கும்டி, மூடு"ன்னு வெரட்டிருச்சு.

வேர்க்குறதுன்னதும் ஞாபகம் வருது. சனிக்கிழமை 2 மணிக்கு சித்தப்பா வந்தாரு. பையக்கூட எறக்கல. பெட்டிக்காரர் வந்து அவரே மூடியத் தொறந்தாரு. முகம் முகமாவே இருந்துச்சு. கண்ணு கொஞ்சம் உள்ள எறங்கி, ஒதடு காஞ்சு கறுத்து, ஆனா அப்பத்தா தான். சித்தப்பா கன்னத்தத் தொட்டுக்கிட்டே நின்னாரு, ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம் இருக்கும், அப்பத்தா நெத்தியில, மூக்கு மேல, மேலுதட்டுல பொட்டுப் பொட்டா வேர்வை. அத்தை பாத்துட்டு "அம்மாவுக்கு வேர்க்குதுடா, உசுரு இருக்குடா, மகனப் பாத்துட்டா"ன்னு போட்ட சத்தத்துல தெருவே உள்ள வந்துருச்சு. எனக்கே ஒரு நொடி தூக்கிப் போட்டுருச்சு. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து வெளிய வச்ச பாட்டில் வேர்க்குமே, அதுதான், வெளிக்காத்து ஈரம் சில்லுன்னு இருக்கிற தோல்ல பட்டு தண்ணியா நிக்குது. பெட்டிக்காரர் வாயத் தொறந்து சொல்லப் போனாரு, மதினி கையக் காட்டி நிறுத்திட்டாங்க. சித்தப்பா தோள்ல கெடந்த துண்ட எடுத்து ஒத்தி ஒத்தித் தொடச்சாரு. தொடைக்கத் தொடைக்க வந்துட்டே இருந்துச்சு, அவரும் தொடச்சுக்கிட்டே இருந்தாரு.

வெளிய எடுத்துட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிச்சிருங்கன்னு பெட்டிக்காரர் சொல்லியிருந்தாரு, படுத்திருந்த பாக்டீரியா எல்லாம் சூடு ஏற ஏற எந்திரிச்சு ரெண்டு மடங்கா வேலை பாக்கும்னு. நீர்மாலை எடுத்து குளிப்பாட்டும்போது கை இன்னும் வெறப்பாவே இருந்துச்சு, வெளிய இருந்திருந்தா அந்நேரம் தளந்திருக்கும், குளிர்ல வெறைப்பு ரொம்ப நேரம் நிக்கும். வளையலக் கழட்ட முடியாம சோப்புப் போட்டு எடுத்தாங்க. பேரன் பேத்தி எல்லாம் நெய்ப்பந்தம் புடிச்சோம். கோழிக்குஞ்சு வழி நெடுக கத்திட்டே வந்துச்சு. நாலேகாலுக்கு எரியூட்டியாச்சு.

இன்னும் சில விஷயம், எடுக்கப் போறவங்களுக்கு. மூணு நாளைக்கு மேல வைக்கணும்னா, இல்ல ஃப்ளைட்ல கொண்டு போகணும்னா பெட்டிய நம்பாதீங்க, எம்பாமிங் பண்ணணும், தொடையிலயோ கழுத்துலயோ ரத்தக் கொழாய் வழியா ஃபார்மலின் ஏத்துவாங்க, சர்ட்டிபிகேட் இல்லாம ஏர்லைன்ஸ்ல ஏத்த மாட்டாங்க. கண் தானம் குடுக்கிறதா இருந்தா ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கணும், பெட்டிக்கு போன் பண்றதுக்கு முன்னாடி அதுக்கு பண்ணுங்க, எங்களுக்கு அந்த நேரம் தோணல, இப்ப நெனச்சா வருத்தமா இருக்கு. பெட்டி வந்ததும் மூடிய எறக்கி, ஓரத்துல ஒரு பேப்பரச் சொருகி இழுத்துப் பாருங்க, சுலபமா வந்துச்சுன்னா திருப்பி அனுப்புங்க. இறப்பப் பதிய 21 நாள் வரைக்கும் கட்டணம் கெடையாது, அதுக்கு புரோக்கருக்கு காசு குடுக்காதீங்க.

அரை மார்க் ஏன் கொறைச்சேன்னா, மூடி. உள்பக்கம் பனி படிஞ்சு முகம் தெரியல, அர மணிக்கு ஒருக்கா வெளிய ஈரத் துணி போட்டுத் தொடச்சுப் பாத்தும் உள்ள இருக்கிற பனிக்கு ஒண்ணும் பண்ண முடியல. வந்தவங்க பாதிப் பேரு அப்பத்தா முகத்த மங்கலாத்தான் பாத்துட்டுப் போனாங்க. 3,500 வாங்குற பெட்டியில அதுக்கு ஒரு வழி பண்ணியிருக்கலாம். ஒரு நாளுக்கு அந்த 3,500தான், அதுக்கு மேல நாலஞ்சு மணி நேரம் கூட ஆனதுக்கு எதுவும் கேக்கல, ஏத்துக்கூலி எறக்குக்கூலியும் கேக்கல. முதல் ஆளு பெட்டிய எடுக்க வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தப்ப முழு 2,500ம் கேட்டான். பெரியப்பா அந்தப் பிஞ்ச ரப்பரக் கைல எடுத்துக் காட்டுனாரு. பையன் அத வாங்கி பாக்கெட்ல போட்டுக்கிட்டு அட்வான்ஸ் ஆயிரத்தோட போயிட்டான்.

எடுத்துட்டு வந்த அன்னைக்கே ரெண்டாவது ஆளு பெட்டிய வாசல்ல வச்சு ப்ளீச்சிங் தண்ணி, அப்புறம் சோப்பு, அப்புறம் நல்ல தண்ணின்னு மூணு தடவை கழுவுனாரு. கழுவிட்டு இருக்கும்போதே அவருக்கு போன். எப்ப தவறுனாங்க, என்ன நோய், எடை எவ்வளவு இருக்கும்னு கேட்டுக்கிட்டே வேன்ல ஏத்துனாரு. டியூபுக்கு அடியில வச்ச பக்கெட்டு எங்க வீட்டு பக்கெட்டு, பச்சக் கலர். அம்மா அத இன்னும் உள்ள எடுக்கல, வேப்பமரத்தடியில கவுந்து கெடக்கு.